மூன்று முறை செத்தவர்

“வாங்க, வாங்க. கொஞ்சம் பொறுங்க, லைட்டப் போட்டுக்கறேன்” என்று சொல்லிக்கொண்டே அட்டைப்பெட்டியைத் திறக்கிறார். உள்ளே இருப்பது ஒரு தொடை எலும்பின் பாதி. மேசையில் சுத்தமான தாளை விரித்து, இரண்டு கையாலும் அதை எடுத்து வைக்கிறார். “சௌகரியமா இருக்கா?” என்று வேறு கேட்கிறார். பதில் வராதது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. உயிரோடு இருக்கிறவர்களிடம் பேசும்போதுகூட அவர் பதிலுக்குக் காத்திருந்து நான் பார்த்ததில்லை.

அடையாளம் தெரியாத எலும்புகளில் டி.என்.ஏ. எடுத்து, அவை யாருடையவை என்று கண்டுபிடிக்கிற பல்கலைக்கழக ஆய்வகம் எங்களுடையது. எலும்பைத் துளைத்துப் பொடி எடுக்கிற டெக்னீஷியன் அவர். அறிக்கை தட்டச்சு செய்பவள் நான். நடுவில் கண்ணாடிச் சுவர் இருந்தும் அவர் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். பதினோரு வருடமாக இது என் தலையெழுத்து.

இங்கே வேலை செய்கிற எல்லோருடைய டி.என்.ஏ.வும் கணினியில் பதிவாகியிருக்கும். எங்களில் யாருடைய எச்சில் துளி எலும்பில் பட்டாலும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஆற்றோரம் கிடைத்த விலா எலும்பு யாருடையது என்று கேட்டதற்கு, ‘பணியாளர் எண் ஏழு’ என்றது. பாலத்துக்குத் தோண்டியபோது கிடைத்த தாடைக்கும் அதே பதில். ஏழாம் எண் இவர்தான். செத்துச் செத்துப் பிழைப்பதால் மார்க்கண்டேயர் என்று பெயர் வைத்துவிட்டோம்.

“மறுபடியும் செத்துட்டீங்க” என்பார் ஆய்வகத்தை நடத்துகிற பேராசிரியை அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

“அடடா! இந்தத் தடவை எங்க மேடம் கெடந்தேன்?”

அவர் மனைவி என் மேசைக்குத்தான் போன் செய்வார். “இன்னிக்கும் செத்துட்டாராமே? சரி, வரும்போது மறக்காம சோப்பு வாங்கிட்டு வரச் சொல்லுங்க.”

முகமூடியை ஒழுங்காகப் போட்டால் இந்த வம்பே இல்லை. அவரோ பேச ஆரம்பித்ததும் அதைத் தாடைக்கு இறக்கிவிடுவார். “மூஞ்சிய மூடிக்கிட்டுப் பேசினா மரியாதையா? திருடன்னு நெனச்சுக்க மாட்டாங்க?” என்று நியாயம் வேறு.

ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற ஓர் அக்கா வருவார். பத்தொன்பது வருடத்துக்கு முன்பு ஒரு மழை நாளில் அவருடைய குடையை எடுத்துக்கொண்டு போன தம்பி திரும்பவில்லை. “கெடச்சானா?” என்று கேட்டுவிட்டு, அடுத்த மூச்சில் “குடை?” என்பார். வளைந்த பிடி வைத்த நீலக் குடை. படிவத்தில் அதையும் எழுதிவைத்திருக்கிறேன். அவருடைய எச்சில் மாதிரியும் எங்களிடம் இருந்தது. அந்த அரைத் தொடை எலும்பு அவன்தானா என்று பார்க்க வேண்டும்.

முதல் முயற்சியின் முடிவு வந்தது. பணியாளர் எண் ஏழு.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. “அந்த அக்காகிட்ட நீங்கதான் அவங்க தம்பின்னு சொல்லிடட்டுமா?” என்று கத்திவிட்டேன். மனிதர் அன்று சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

இரண்டாம் முயற்சியில் வாயே திறக்கக் கூடாது என்று உத்தரவு. திறக்கவில்லை. ஆனால் கருகின வாடை வந்தது. பழைய எலும்பைத் துளைக்கும்போது சூடேறினால் டி.என்.ஏ. போய்விடும்; கொஞ்சம் துளைத்து, நிறுத்தி, மறுபடி துளைக்க வேண்டும். இவர் ஒரு வாக்கியம் பேசி முடிக்கிற வரைக்கும் துளைப்பார், முடிந்ததும் நிறுத்துவார். அதுதான் அவர் கணக்காம். எங்களுக்கு மட்டுமா, அவருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. பேச்சை நிறுத்தினோம், கை தடுமாறிவிட்டது.

எலும்பில் பெரும்பகுதி உளுத்துப்போனது; துளைக்கிற மாதிரி மிச்சம் இருந்தது கட்டைவிரல் அளவு இடம்தான். அதில் ஒரே ஒரு தடவைதான் எடுக்கலாம். “வேற யார் கையிலயும் இத தர எனக்குத் தைரியம் இல்ல. இதுவும் போச்சுன்னா, அந்தம்மாகிட்ட நீங்களே போய்ச் சொல்லணும்” என்றார் பேராசிரியை.

மறுநாள் காலை மார்க்கண்டேயர் ஒரு கட்டு அட்டைகளோடு வந்து என் மேசையில் வைத்தார். எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் ஒவ்வொரு வாக்கியம். “உள்ள கொண்டுபோகக் கூடாதுல்ல. நீங்க வெளிய நின்னு ஒவ்வொண்ணா காட்டுங்க. நான் மனசுக்குள்ள சொல்லிக்கறேன்.”

“எனக்கு வேற வேலை இல்லைன்னு நெனச்சீங்களா?” என்று கேட்டேன். கேட்டேனே தவிர, போய் நின்றேன்.

முகமூடியை மூக்குவரை ஏற்றி, காதோரம் டேப் போட்டு ஒட்டிக்கொண்டார். பிறகு எலும்பை என் பக்கம் திருப்பிவைத்தார், அதுவும் படிக்கட்டும் என்று! ‘இப்போ லேசா ஒரு அதிர்வு இருக்கும், பயப்படாதீங்க.’ அட்டையைத் தூக்கினேன், துளைத்தார். இறக்கினேன், நிறுத்தினார். ‘நல்லா ஒத்துழைக்கிறீங்க.’ ‘பாதி முடிஞ்சிருச்சு.’ கடைசி அட்டையில் முதலில், ‘உங்க அக்கா வாராவாரம் வர்றாங்க’ என்றுதான் இருந்தது. முடிவு தெரியும் முன் அப்படிச் சொல்வது விதிமீறல் என்று சண்டை போட்டு மாற்றவைத்திருந்தேன். ‘உங்க அக்காவா இருக்கலாம்னு ஒருத்தங்க வாராவாரம் வர்றாங்க.’ அதை மட்டும் ஒரு சாண் உயரமாகவே தூக்கிப் பிடித்தேன், எலும்புக்கு நன்றாகத் தெரியட்டும் என்று. அசட்டுத்தனம்தான், என்ன செய்ய.

இந்த முறை ஏழாம் எண் சாகவில்லை. எலும்பு அந்த அக்காவின் தம்பிதான்.

செவ்வாய்க்கிழமை பேராசிரியை விவரத்தைச் சொல்லி, முன்னறை மேசையில் பெட்டியை வைத்துவிட்டு நகர்ந்தார். அக்கா வேன் சாவியை உருட்டிக்கொண்டே உட்கார்ந்திருந்தார். “இத்தனை வருஷமா என்னென்னவோ பேசணும்னு இருந்தேன். இப்ப ஒண்ணும் வரமாட்டேங்குது” என்றார்.

மார்க்கண்டேயர் நாற்காலியைப் பெட்டிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். “சும்மா எதையாச்சும் கேளுங்கக்கா. கோவிச்சுக்கவே மாட்டாரு.”

அக்கா பெட்டியின் மேல் கை வைத்தார். “குடைய எங்கடா விட்ட?” என்றார். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது. சொல்லாமல் போனது, அம்மா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது, புதுக் குடை வாங்க மனசு வராமல் வருடக்கணக்கில் நனைந்தது எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது.

நடுவில் என் மேசையில் போன் அடித்தது. நான் எடுப்பதற்குள் மார்க்கண்டேயர் பாய்ந்து வந்து, ரிசீவரை எடுத்துச் சத்தமில்லாமல் பக்கத்தில் படுக்கவைத்தார். பிறகு எங்கள் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, உதட்டின் மேல் விரலை வைத்தார்.