புள்ளி ஒதுங்கிய பகல்

ஐம்பதுகளின் கடைசியில் போடிமெட்டுச் சரிவில், ஏலத்தோட்டத்துக்கு மேலே, பூமியின் காந்தத்தை அளக்க வந்த அதிகாரி ஒருவர் ஒரு குடிசை போட்டிருந்தார். மண் சுவர், மர முளை. ஓர் ஆணிகூடக் கிடையாது; இரும்பு பக்கத்தில் வந்தால் அளவு கெட்டுப்போகுமாம். உள்ளே இருட்டில் நூலில் ஒரு காந்தம் தொங்கும். அதில் ஒட்டிய கண்ணாடித் துண்டு விளக்கொளியை எதிர்ச்சுவரில் புள்ளியாகக் காட்டும். அவருக்குச் சமைத்துப்போட்டது நான்தான். முதல் தடவை இடுப்பில் கதிரரிவாளோடு போய்விட்டேன். புள்ளி விலுக்கென்று ஒதுங்கி அங்கேயே நின்றது. மனிதர் கத்தித் தீர்த்துவிட்டார்.

ஒரு நாள் பகலில் கஞ்சி கொண்டுபோனபோது புள்ளி தானாகவே ஆடியது, தொட்டில் மாதிரி.

"யாருய்யா இரும்பு கொண்டாந்தது?"

"யாருமில்லம்மா. பூமியோட காந்தம் வானத்துல ரொம்ப தூரம் பரவியிருக்கு. சூரியன்லேருந்து வர்ற காத்து அதோட ஓரத்த உரசிட்டுப் போறப்ப, அந்த ஓரம் அலை அலையா சுருளும்னு சிலர் சொல்றாங்க. மெட்டுல மேகத்தோட முதுகைக் காத்து சுருட்டுதே, அப்படி. அந்த ஆட்டம்தான் இது."

மேகம் சுருள்வதைத் தினமும் பார்க்கிறவளுக்கு இது விளங்காதா?

அப்போது என் அண்ணன் மூச்சிரைக்க உள்ளே வந்து விழுந்தார். அடிவாரத்தில் எங்கள் ஊர் சிலமலையில் வாய்க்கால் தகராறில் பங்காளியின் மண்டையை உடைத்துவிட்டு ஓடிவந்திருக்கிறார்.

"ஆத்தா, அவன் அரிவாளோட பின்னாடியே வாரான்."

"உங்க இடுப்புல கத்தி இருக்கா?" என்றார் அதிகாரி.

"இருந்தா நான் ஏன்யா ஓடியாரேன்?"

கதவைச் சாத்திக் குறுக்கே மரக்கட்டையைப் போட்டோம். மூவரும் புள்ளியையே பார்த்தோம். திடீரென்று அது ஒரு பக்கமாக வெட்டி இழுத்தது. ஆட்டம் நிற்கவில்லை, ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பாமல், ஒதுங்கிய இடத்திலேயே கிடந்து ஆடியது. இது வானத்து வேலை இல்லை. சுவருக்கு அந்தப் பக்கம் இரும்பு வந்துவிட்டது.

கட்டையை உருவிக்கொண்டு கதவைத் திறந்தேன். தலையில் ரத்தத் துணியோடு நின்றான், அரிவாளை ஓங்கியாகிவிட்டது. முழங்கையில் போட்டேன். பச்சை மூங்கில் முறிகிற சத்தம். அரிவாள் என் தோளைச் சீவிக்கொண்டு விழுந்தது.

அண்ணன் பாய்ந்து அதை எடுத்தார். "இன்னியோட முடிச்சுர்றேன்."

"முதல்ல அந்த இரும்பைத் தூரமா கொண்டு போங்க" என்று உள்ளேயிருந்து அதிகாரி கத்தினார்.

நான் அண்ணனுக்கு நேரே கட்டையை ஓங்கினேன். "அருவாளத் தூக்கிப் போடுறியா, உனக்கும் கைய ஒடிக்கவா?"

அண்ணன் அரிவாளைப் பள்ளத்தில் வீசினார்.

ஏலக்காய் லோடு ஏற்றும் ஜீப்பில் பங்காளியும் நானும் போடி ஆஸ்பத்திரிக்கு இறங்கினோம். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தவன், ஊர் நெருங்கியதும் குரலைத் தாழ்த்தினான்.

"பொம்பள அடிச்சு ஒடிஞ்சதுன்னு சொல்லிராதத்தா."

"சொல்லலண்ணே. எங்கண்ணன் மேல கை வச்சா, சந்தையில நின்னு சொல்லுவேன்."

வைக்கவில்லை. இப்போது அவனும் போய்ச் சேர்ந்துவிட்டான், அதனால்தான் எழுதுகிறேன்.