நிற்க மேடம்

போன வியாழக்கிழமை காலை பால் பூத் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். செல்வி போன் செய்தாள். "தாத்தா, எங்க இருக்கீங்க?" என்றாள். பால் வாங்க வந்திருக்கிறேன் என்றேன். "வாங்கிட்டு வீட்டுக்குப் போயிடுங்க. போய் உட்கார்ந்துட்டு எனக்குப் போன் பண்ணுங்க" என்றாள். அவள் அப்படிச் சுற்றி வளைக்கிறவள் இல்லை. "நிற்க மேடம் போயிட்டாங்களா?" என்று நானே கேட்டேன். "ஆமா தாத்தா" என்றாள். பின்னால் நின்றவன், "பாபா, ஜல்தி" என்றான், பெரியவரே சீக்கிரம் என்று. பால் மிஷினில் டோக்கனைப் போட்டேன். பாத்திரத்தை வைக்க மறந்துவிட்டேன். பால் தரையில் ஓடியது. ஜல்தி என்றவன் என் முகத்தைப் பார்த்தான். என் கையிலிருந்து பாத்திரத்தை வாங்கி வைத்து, தன் டோக்கனைப் போட்டான்.

எதிர்பார்த்த சேதிதான். இருந்தாலும் எதிர்பார்ப்பது வேறு, கேட்பது வேறு.

தேவசேனா அம்மாவை நம் டெல்லித் தமிழ்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் 'நிற்க மேடம்' என்றுதான் கூப்பிட்டார்கள். அந்தப் பெயர் எப்படி வந்தது என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் செல்வி. இடையில் எங்காவது நல்ல தமிழ் தட்டுப்பட்டால் அது அவளுடையது.

முப்பத்தோரு வருஷம் அந்தப் பள்ளிக்கூடத்தில் மணி அடித்தேன், தண்ணீர் பிடித்து வைத்தேன், சாவிக்கொத்தை இடுப்பில் சொருகிக்கொண்டு நடந்தேன். எல்லோருக்கும் நான் முனுசாமி. பால்காரனுக்கும் தபால்காரனுக்கும் 'பையா', இந்தியில் அண்ணன். ஒரு நாள் முனிர்காவிலிருந்து பஸ் மாறி வந்த ஒரு பெண், கையில் பெரிய காகிதக் கட்டோடு கேட்டில் நின்று, "அண்ணாச்சி, ஹெட்மாஸ்டர் ரூம் எங்க இருக்கு?" என்று கேட்டது.

நான் கள்ளக்குறிச்சிப் பக்கத்து ஆள். எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். "நான் என்ன கடையா வெச்சிருக்கேன்?" என்றேன்.

"கடை இல்லேன்னா என்ன, சாவி இவ்வளவு வெச்சிருக்கீங்களே" என்றது அந்தப் பெண். பெயர் தேவசேனா, ஊர் திருநெல்வேலியாம். யுனிவர்சிட்டியில் ஆராய்ச்சி படிக்கிறதாம். பிள்ளைகள் மனசளவில் எப்படி இருக்கிறார்கள், பள்ளிக்கூடம் அவர்களுக்கு என்ன செய்கிறது என்று கண்டுபிடிக்கிற படிப்பு. அதற்கு ஒரு படிப்பு வேண்டுமா என்று எனக்குத் தோன்றியது. சொல்லவில்லை. அன்றிலிருந்து கடைசி வரைக்கும் நான் அண்ணாச்சிதான்.

ஒரு வருஷத்துக்கு மேல் வந்துபோனார். வகுப்பு வகுப்பாகக் கேள்வித்தாள் கொடுப்பார். மத்தியானம் தண்ணீர்ப் பானைகளுக்குப் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து தாள்களைப் பிரித்து அடுக்குவார். சித்திரைக்குள் முடித்துவிட்டு ஊருக்கு வா, மாப்பிள்ளை பார்த்திருக்கிறது என்று அப்பா கெடு வைத்திருந்தார். முடித்துப் பட்டம் வாங்கினால் இங்கேயே வேலை, அப்பாவிடமும் தைரியமாகப் பேசலாம். முடிக்காவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். இதையெல்லாம் அவரே சொன்னார்.

ஒரு நாள் முகமெல்லாம் சிரிப்பு. "அண்ணாச்சி, உங்க பிள்ளைங்க எல்லாம் நல்லா இருக்கு. எங்க கைடு சாருக்கு ரொம்பத் திருப்தி. இனி எழுத வேண்டியதுதான் பாக்கி" என்றார்.

"எல்லாமேவா?"

"அநேகமா எல்லாமே. முதல் கேள்வியே 'நீ எப்படி இருக்கிறாய்'தான். பாருங்க, நலம், நலம், நலம்."

நான் வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் ஏழாம் வகுப்புச் செல்வியின் ஞாபகம் வந்துவிட்டது, இதை எழுதுகிற இதே செல்விதான். கேள்வித்தாள் எழுதினதற்கு முந்தின வாரம்தான் அவர்கள் குடிசையை மற்ற குடிசைகளோடு சேர்த்து இடித்திருந்தார்கள். புத்தகப் பையைத் தவிர ஒன்றும் மிஞ்சவில்லை. சித்தி வீட்டில் படுத்துவிட்டு, அதே சட்டையைத் துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். "செல்வி என்ன எழுதியிருக்கு?" என்று கேட்டேன்.

பெயர் போடாத தாள்தான். ஆனால் ஏழாம் வகுப்புத் தாள்களைத் தனியாகக் கட்டியிருந்தார். ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஒன்று விடாமல் நலம்.

"அம்மா, நலம்னு எழுதறது சேதி இல்லையே" என்றேன். "அது கடுதாசிக்குத் தலை. எனக்குக் கடுதாசி எழுதித் தர்றவர் நான் வாயைத் திறக்கறதுக்கு முன்னாலேயே 'இங்கு யாவரும் நலம்'னு எழுதிடுவார். என் கால் உடைஞ்சு கிடந்தப்பவும் அப்படித்தான் ஊருக்குப் போச்சு. இந்தப் பிள்ளைங்க தமிழ்ல எழுதிப் பார்த்தது என்ன? பாடமும், ஊருக்குப் போடற கடுதாசியும். நீங்க எப்படி இருக்கேன்னு கேட்டா வேற என்ன எழுதும்?"

அவர் தாள்களைக் கட்டினார். முடிச்சு சரியாக விழவில்லை, மறுபடி கட்டினார். போய்விட்டார்.

பத்து நாள் வரவில்லை. எனக்கு மணி அடிக்கவே கை ஓடவில்லை. படித்த பெண்ணின் ஒரு வருஷ உழைப்பை, கையெழுத்துப் போடத் தெரியாதவன் ஒரு பேச்சில் கெடுத்துவிட்டேனே என்று இருந்தது. ஞாயிற்றுக்கிழமை முனிர்காவுக்குப் போனேன். சந்துக்குள் சந்து, மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் கையில் சோப்பு நுரை. "நான் ஒரு முட்டாள், நான் சொன்னதை விட்டுடுங்கம்மா" என்றேன்.

"உட்காருங்க அண்ணாச்சி. விடறதாவது. எங்க சார் கிட்டப் போய்ச் சொல்லிட்டேன், அந்தத் தாளெல்லாம் செல்லாதுன்னு. கத்தினார். அப்புறம் அச்சா, சரின்னுட்டார். சித்திரையும் போச்சு, மாப்பிள்ளையும் போச்சு" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். கண் வீங்கியிருந்தது. பிறகு, "ஒண்ணு சொல்லுங்க. நலம்னு எழுதினதுக்கு அப்புறம் உங்க கடுதாசியில என்ன வரும்?" என்றார்.

"நிற்க."

"என்னது?"

"நிற்கன்னு ஒரு வார்த்தை போடுவார். இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய அவா, நிற்க. அதுக்கப்புறம்தான் என் பக்கம் திரும்பி, சொல்லுய்யா, என்ன விஷயம்னு கேட்பார்."

அவர் சோப்புக் கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டார். "எங்க தாத்தா கடுதாசியில பார்த்திருக்கேன் அண்ணாச்சி. இத்தனை படிச்சு இது தோணலையே" என்றார்.

புதுத் தாளில் ஒரே ஒரு வரிதான். 'நான் நலம். நிற்க.' அதற்குக் கீழே முழுப் பக்கமும் வெறும் கோடுகள். அதை முதலில் கொடுத்தது எட்டாம் வகுப்பில். நான் வாசலில் நின்றேன். அவர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சத்தமாக வாசித்தார், "நான் நலம். நிற்க." வகுப்பு மொத்தமும் எழுந்து நின்றது.

காலைக் கூட்டத்தில் டிரில் மாஸ்டர் தினமும் சொல்வது அதுதானே. டெல்லியில் பிறந்த பிள்ளைகளுக்கு நிற்க என்றால் நிற்பதுதான். "உட்காருங்க, உட்காருங்க, இது அந்த நிற்க இல்லை" என்றார். உட்கார்ந்தார்கள். விளக்க ஆரம்பித்தவர் மறுபடி அந்த வார்த்தையைச் சொல்லிவிட்டார். மறுபடி எழுந்தார்கள். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பயல், "மேடம், கப் தக்?" என்று கேட்டான். எவ்வளவு நேரம் என்று. அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அன்றைக்கு வந்த பெயர்தான்.

பட்டம் வாங்க மேலும் இரண்டு வருஷம் ஆனது. அப்பா ஒரு வருஷம் பேசவில்லை. பிறகு இளைய மகளைக் கூட்டிக்கொண்டு வந்து மூத்த மகள் வேலை பார்க்கும் கல்லூரியைப் பார்த்துவிட்டுப் போனார்.

குணத்தைப் பற்றியும் ஒரு ஆராய்ச்சி செய்தார். சர்டிபிகேட்டில் எல்லாப் பிள்ளைக்கும் 'நன்று' என்று போடுகிறார்களே, நிஜமாக எப்படித் தெரிந்துகொள்வது என்று என்னைக் கேட்டார். இடைவேளை மணி அடித்ததும் தண்ணீர்ப் பானைக்கிட்ட வந்து நில்லுங்கள், யார் சின்னதுகளை முதலில் குடிக்க விடுகிறது, யார் டம்ளரைக் கழுவி வைக்கிறது என்று பாருங்கள் என்றேன். விளையாட்டாகத்தான் சொன்னேன். மனுஷி இரண்டு வாரம் நோட்டோடு வந்து நின்றார். "என்ன மேடம், தண்ணீர்ப் பந்தலா?" என்று டிரில் மாஸ்டர் கேட்டார். "ஆமா சார், நீங்க டம்ளரைக் கழுவலை, எழுதிட்டேன்" என்றார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது. ஏதோ ஆபீசில் கழித்துப் போட்டதை அவர்தான் அலைந்து வாங்கி வந்தார். அறைச் சாவி என்னிடம். நிற்கவுக்குக் கீழே பிள்ளைகள் இரண்டு வரிக்கு மேல் எழுதாததற்குக் காரணம் பிழைதான் என்று அதற்குள் கண்டுபிடித்திருந்தார். எந்த ல, எந்த ள என்று தெரியாத பிள்ளை, தெரிந்த வார்த்தையை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்ளும். கம்ப்யூட்டரில் இங்கிலீஷ் எழுத்தைத் தட்டியே தமிழ் எழுதலாம், ல ள குழப்பம் இல்லை என்றார். பிழை திருத்த மாட்டேன், யார் எழுதியது என்று பார்க்க மாட்டேன், யாராவது வந்து பேச வேண்டும் என்று நினைக்கிறவர்கள் மட்டும் கடைசியில் பெயர் போடுங்கள் என்றார். பிள்ளைகள் உள்ளே தட்டிக்கொண்டிருக்கும். அவர் வெளியே என்னோடு உட்கார்ந்திருப்பார். "இந்த மிஷினுக்கு ஒரு நல்ல குணம் இருக்கு அண்ணாச்சி. முகம் சுளிக்கத் தெரியாது" என்பார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா போய்ப் பக்கத்துல உட்காரவும் தெரியாது. அதுக்குத்தான் நாம" என்பார்.

செல்வி அப்போது பதினொன்றாவது. ஒரு நாள் எல்லோரும் எழுந்து போன பிறகும் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் பூட்ட வேண்டும். அவர் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார். அவள் வெளியே வந்தபோது மூன்று பேருக்கும் பஸ் போய்விட்டிருந்தது. அன்றைக்கு என்ன எழுதினாள் என்று நான் கேட்டதில்லை. இந்த இடத்தில் செல்வி பேனாவை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இப்போது வந்துவிட்டாள், மேலே சொல்கிறேன்.

போன பொங்கலுக்கு வாழ்த்துச் சொல்ல அவருக்குப் போன் செய்தேன். "எப்படி இருக்கீங்கம்மா?" என்றேன். "நலம் அண்ணாச்சி" என்றார்.

இத்தனை வருஷத்தில் என்னிடம் அந்த வார்த்தையை அவர் சொன்னதே இல்லை. தலைவலி என்பார், கோபமாக இருக்கிறேன் என்பார், இன்றைக்கு மீன் கிடைத்தது என்பார். நான் காத்திருந்தேன். அடுத்தது வரவில்லை. என் முட்டிவலியை விசாரித்துவிட்டு வைத்துவிட்டார்.

மறுநாள் காலை மயூர் விஹாருக்குப் பஸ் ஏறினேன். அவர் பிளாட்டுக்குப் போகிற ரோட்டில் மெட்ரோவுக்காகத் தூண் எழுப்பிக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்தது அவர் தங்கை. பின்னால் அவர், தலையில் துணி கட்டியிருந்தார். பாதியாகியிருந்தார்.

"நலம்னு சொன்னேனே அண்ணாச்சி, எதுக்கு இவ்வளவு தூரம்?"

"நிற்க சொல்லலையேம்மா. அதான் வந்தேன்."

என்னையே பார்த்தார். பிறகு என் தோளில் கை வைத்து உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்து, சொல்ல ஆரம்பித்தார். டாக்டர்கள் சொன்னது, தங்கையிடம் சொல்லாமல் வைத்திருந்தது, எல்லாம். மத்தியானம் வரைக்கும் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனேன். கடைசி ஞாயிறு, "உங்க ஆராய்ச்சிக்கு ஆள் கிடைச்சாச்சு அண்ணாச்சி. இப்ப நான் சொல்றேன், நீங்க குறிக்காம கேக்கறீங்க" என்று சிரித்தார். அதுதான் நான் கேட்ட கடைசிச் சிரிப்பு.

அவருடைய ஆராய்ச்சிப் புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது என்று சொல்வார்கள். எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது அந்த எட்டாம் வகுப்புத் தாளில் மிஞ்சிய ஒன்று. தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதில் ஒரு வார்த்தை மட்டும் எனக்கு வாசிக்க வரும். அவர்தான் விரல் வைத்துக் காட்டினார். எந்தக் காகிதத்தில் எங்கே இருந்தாலும் அதை நான் கண்டுபிடித்துவிடுவேன். செல்வி எழுதியிருக்கிற இந்தப் பக்கங்களிலும் அது எத்தனை இடத்தில் வருகிறது என்று தடவிப் பார்த்துவிட்டேன்.

முடிவில் என்ன எழுதட்டும் என்று கேட்கிறாள். அவருக்குப் போடுகிற கடுதாசி மாதிரியே ஒரு வரி எழுது, அதற்குக் கீழே நிறைய இடம் விடு என்றேன்.

அம்மா, இங்கு நாங்கள் யாவரும் நலம். நிற்க.