கடைசி வரிசைத் தூக்கம்

தூங்கினவன் கன்று கடாக்கன்று, அதாவது தூங்கினால் நஷ்டம் என்று உலகம் சொல்லும். இந்தக் குடும்பத்தில் மட்டும் கதை தலைகீழ். ஒரு பஸ் பதினான்கு பஸ் ஆனதில் பாதிப் பங்கு ஒரு பெண்மணியின் தூக்கத்துக்கு உண்டு. டெப்போவில் அவளுக்குத் 'தூக்கத்தம்மா' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடுவது அவளுக்குத் தெரியாமலும் இல்லை.

ஆரம்பத்தில் இருந்தது ஒரே ஒரு வண்டி. அதைப் பஸ் என்று சொல்லவே நல்ல மனசு வேண்டும். யாரோ ஓட்டித் தேய்த்து, பழைய இரும்பு விலைக்குத் தள்ளிவிட்டது. அவள் கணவர் அதுவரை லாரி ஓட்டியவர். மெக்கானிக்கான கொழுந்தன் அந்த வண்டிக்கு அடியிலேயே குடியிருந்து அதற்கு உயிர் கொடுத்தான். கணவர் ஸ்டியரிங்கைப் பிடித்தார். கண்டக்டர் வைத்துக்கொள்ள வசதியில்லாததால் அவளே தோல்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பொம்பளை கண்டக்டரா என்று சிரித்தவர்கள், அவள் விசில் ஊதியதும் வாயை மூடிக்கொண்டு படியேறினார்கள்.

முதல் நாள் நடந்ததை அவள் யாரிடமும் சொன்னதில்லை. டிக்கெட் கொடுத்து முடித்து, காலியாக இருந்த கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். சிமென்ட் மூட்டையும் வெங்காய மூட்டையும் ஏற்றிப் பழகிய கணவருக்கு, மூச்சுவிடுகிற ஆட்களை ஏற்றிக்கொண்டு போவது புதுசு. நொடிக்கொருதரம் தலைக்குமேல் இருந்த கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்தார். 'சரியாத்தானே ஓட்டறேன்?' என்று அந்தக் கண்கள் கேட்டன. அவர் அவளைப் பார்க்கும் போதெல்லாம் வண்டி ஒரு பக்கமாக இழுத்தது. இந்த ஆள் என்னைப் பார்த்தே எல்லாரையும் பள்ளத்தில் இறக்கிவிடுவார் என்று தோன்றியதும், ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள். தூக்கமாவது ஒன்றாவது! ஆனால் கொஞ்ச நேரத்தில் வண்டி சீரானது. மறுநாளும் மூடிக்கொண்டாள். நாலைந்து நாளில் பொய்த்தூக்கம் மெய்த்தூக்கமாகிவிட்டது. அவர் பிரேக்கை அழுத்தினால் வண்டி நிற்பதே தெரியாது, அப்படி ஒரு கால் அவருக்கு.

மூன்றாவது பஸ் வாங்கியபோது வெளியாள் டிரைவர் தேவைப்பட்டது. மீசையும் தொப்பியுமாக ஒருவன் வந்தான். கொழுந்தன் இன்ஜினைப் பற்றிக் கேட்டதற்கெல்லாம் பட்பட்டென்று பதில் சொன்னான். கணவருக்கும் அவன் வேகம் பிடித்துப்போனது. சோதனை ஓட்டத்தில் அவள் வழக்கம்போலக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பின்சக்கரத்துக்கும் பின்னால் இருக்கிற இடம் அது. முன்னால் ஒரு மடங்கு குலுங்கினால் அங்கே நாலு மடங்கு தூக்கிப்போடும். போய்விட்டுத் திரும்பும்வரை அவளுக்குக் கண் பொருந்தவில்லை. இறங்கியதும், இவன் வேண்டாம் என்றாள். காரணம் கேட்டதற்குத் தூக்கம் வரவில்லை என்றாள். அண்ணனும் தம்பியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதே ஆள் வேறொரு கம்பெனியில் சேர்ந்து, அந்த வாரமே ஒரு மைல்கல்லைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பஸ்ஸை வாய்க்காலில் நிறுத்தினான். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. அதற்கப்புறம் சிரிப்பு நின்றது, சட்டம் வந்தது. தூக்கத்தம்மா கடைசி வரிசையில் தூங்கினால்தான் டிரைவருக்கு வேலை.

அப்படி வந்தவர்களில் ஒருவனுக்குக் கணவர் வைத்த பெயர் 'நத்தை'. பேசமாட்டான், சிரிக்கமாட்டான், முந்துகிறவனை முந்தவிட்டுப் பின்னாலேயே போவான். இவனை வைத்துப் பஸ் ஓட்டுவதற்கு நடந்தே போகலாம் என்று கணவர் முணுமுணுத்தார். அவளோ முதல் ஓட்டத்திலேயே வாயைப் பிளந்து தூங்கிவிட்டாள். சட்டம் சட்டம்தான்.

பஸ்கள் பெருகின. டயர் அடுக்குகளுக்கு நடுவே தொட்டிலில் வளர்ந்த மகள், இப்போது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து பதினான்கு பஸ்ஸுக்கும் டிக்கெட் பதிவு பார்த்தாள். தோல்பை ஆணியில் தொங்கியது. கணவருக்கு மட்டும் ஒரு குறை மிச்சமிருந்தது. மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் துறைமுக நகரத்துக்குத் தன் பஸ் போகவேண்டும். லாரிக்காரராக அந்த மலையில் ஏறி இறங்கிய காலத்திலேயே மனசுக்குள் விழுந்த ஆசை. விண்ணப்பம் போட்டுப் போட்டு, ஒருவழியாக அந்த வருஷம் அனுமதி வந்தது. புது வண்டியும் வந்தது. முதல் ஓட்டத்தைத் தானே ஓட்டப்போவதாக அவர் எல்லாரிடமும் சொல்லிவிட்டார். முதலாளி என்று கூப்பிட்டால் முகம் சுளித்து, டிரைவர் என்று கூப்பிட்டால் பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிற மனிதர். யார் குறுக்கே நிற்பார்கள்?

சோதனை ஓட்டத்துக்கு சீட்டுக்குச் சீட்டு மணல்மூட்டை ஏற்றினார்கள். கடைசி வரிசை ஜன்னலோரம் அவளுக்கு. மலை ஏறும்வரை ஒன்றுமில்லை. இறக்கத்தில்தான் அவளுக்கு விழிப்புத் தட்டியது. வளைவுக்கு வளைவு பிரேக் இரண்டு தவணையாக விழுந்தது. முதலில் ஒன்றுமே இல்லை, அப்புறம் திடுக்கென்று ஒரு பிடி. மணல்மூட்டைகள் முன்னால் சரிந்து பின்னால் சாய்ந்தன. அவள் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கண்ணாடியில் அவர் கண்கள் ஒருமுறை அவளைத் தொட்டுவிட்டு விலகின.

டெப்போவுக்கு வந்ததும் பிரேக்கைப் பார்க்கும்படி கொழுந்தனிடம் சொன்னாள். அவன் சக்கரம் சக்கரமாகக் கழற்றிப் பார்த்தான். வேலை முடிந்தும் எழுந்திருக்காமல், கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தான்.

"வண்டில ஒண்ணும் இல்ல அண்ணி" என்றான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

சரி, கோளாறு தன் தூக்கத்தில்தானோ என்று அவளுக்குச் சந்தேகம் வந்தது. வயசாகிறதே. மறுநாள் நத்தையின் பஸ்ஸில் ஏறிக் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். தூங்கக்கூடாது என்று பிடிவாதமாகத்தான் உட்கார்ந்தாள். கடைசி ஸ்டாப்பில் கண்டக்டர் தோளைத் தட்டி, "அம்மா, ஊர் வந்திருச்சு" என்று எழுப்பவேண்டியதாயிற்று. கோளாறு தன்னிடம் இல்லை என்று காட்டிய அந்தத் தூக்கத்துக்காக அவளுக்கு அழுகை வந்தது.

அன்றைக்கு அவர் வீட்டுக்குள் வந்தபோது அவள் காலைத்தான் பார்த்தாள். இடது காலில் செருப்பு இருந்தது. வலது கால் வெறுங்கால். மற்றச் செருப்பு வாசற்படியில் குப்புறக் கிடந்தது. கழன்றதே தெரியாமல் அவர் பாட்டுக்கு நடந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். சர்க்கரை நோய் வந்து எத்தனையோ வருஷம். பாதம் மரத்துப்போகும் என்று டாக்டர் சொன்னதை இரண்டு பேருமே காதில் போட்டுக்கொள்ளவில்லை. செருப்பையே உணராத கால் பிரேக்கை எப்படி உணரும்?

கொழுந்தனுக்கும் மகளுக்கும் தெரிந்தே இருந்தது. பூனைக்கு யார் மணி கட்டுவது என்று அவர்கள் பேசாமல் இருந்திருக்கிறார்கள். மகள் ஒரு யோசனை சொன்னாள். மலை அடிவாரம்வரை அப்பா ஓட்டட்டும், அப்புறம் வேறு ஆள் மாற்றிக்கொள்ளலாம். கொழுந்தன் ஒரு படி மேலே போய், ஒரே ஒரு நாள்தானே அண்ணி, அவர் ஆசை தீரட்டுமே என்றான். அவர் அடிவாரத்தில் இறங்கிக்கொள்கிற ஆளா என்று அவள் கேட்டாள். அந்த பஸ்ஸில் ஏறப்போகிறவர்கள் மணல்மூட்டைகள் இல்லை. அவர் மனசு உடையும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சொல்லவேண்டும், தானே சொல்லவேண்டும் என்று முடிவு செய்துவிட்டாள்.

புது பஸ்ஸைக் கழுவிக்கொண்டிருந்த இடத்தில் அவர் நின்றிருந்தார். தண்ணீர்க் குழாயைக் கையில் வாங்கித் தானே கண்ணாடிக்கு அடித்துக்கொண்டிருந்தார். அவள் குழாயை மூடச் சொல்லி ஆட்களை அப்பால் அனுப்பினாள்.

"நான் தூங்கலைங்க" என்றாள்.

அவருக்குப் புரிந்துவிட்டது. புரியாததுபோல, வயசானால் யாருக்குத்தான் தூக்கம் வருகிறது என்றார். நத்தையின் வண்டியில் தூங்கியதை அவள் சொன்னாள். அவர் முகம் சிவந்தது. அந்தச் சட்டமெல்லாம் சம்பளத்துக்கு வந்தவனுக்குத்தான், எனக்கில்லை என்றார். இந்தக் கம்பெனியை ஆரம்பித்தது யார் என்று கேட்டார்.

"நாம ரெண்டு பேரும்தான். அதனாலதான் சொல்றேன்."

அவர் வெடுக்கென்று திரும்பி ஈரத்தரையில் நடந்தார். பத்தடி போவதற்குள் வலது செருப்பு சேற்றில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது. அவர் நடந்துகொண்டே இருந்தார். அவள் போய் அதை எடுத்து, குழாயடியில் கழுவி, அவருக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தாள்.

அவர் செருப்பைப் பார்த்தார். காலைப் பார்த்தார்.

"எப்ப கழண்டுச்சு?"

"உங்களுக்குத் தெரியலையே. அதாங்க."

அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டார். பிறகு சட்டைப்பையிலிருந்து புது வண்டியின் சாவியை எடுத்து, அவள் கையில் கொடுக்காமல், டயர் மேல் வைத்துவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க வீட்டில் சாப்பாடு நடந்தது, பேச்சு நடக்கவில்லை. அவளும் கெஞ்சப் போகவில்லை. சாவியை எடுத்து நத்தையிடம் கொடுத்தாள். அவன் வாங்கிய கையைப் பார்த்தால், ஏதோ கொதிக்கிற பாத்திரத்தை வாங்குகிறவன் மாதிரி இருந்தது.

முதல் ஓட்டத்தன்று பஸ் நிறைந்துவிட்டது. கடைசி வரிசையில் மட்டும் இரண்டு இடத்தை மகள் விற்காமல் வைத்திருந்தாள். அவர் வரமாட்டார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். கிளம்பும் நேரத்துக்கு, சலவைச் சட்டையும் இறுகிய முகமுமாக வந்து, ஒரு வார்த்தை பேசாமல் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். சொந்த பஸ்ஸில் அவர் பயணியாக உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. அவன் கியரைத் தேய்க்கிறான், ஓரம் விடத் தெரியவில்லை என்று மலை ஏறி முடியும்வரை பல்லுக்குள்ளேயே அரைத்துக்கொண்டு வந்தார். பேசிவிட்டாரே, அதுவே போதும் என்று அவள் கேட்டுக்கொண்டு வந்தாள்.

இறக்கம் ஆரம்பித்தது. நத்தைக்கு என்னவோ ஆகிவிட்டது. நொடிக்கொருதரம் கண்ணாடியில் முதலாளியின் முகத்தைப் பார்த்தான். பார்க்கும் போதெல்லாம் வண்டி ஓரத்துக்கு இழுத்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அவள் பயந்துபோய்க் கணவரைத் திரும்பிப் பார்த்தாள்.

அவர் தலையைப் பின்னால் சாய்த்து, வாயை லேசாகத் திறந்து, கண்ணை மூடியிருந்தார்.

அடுத்த வளைவில் வண்டி சீராகத் திரும்பியது. அதற்கடுத்த வளைவிலும். பிரேக் விழுவதே தெரியவில்லை. குழந்தை அழுகையை நிறுத்தியது. கடலின் உப்புக்காற்று ஜன்னல் வழியாக வரும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை.

டீக்கடையில் பஸ் நின்றது. எல்லாரும் இறங்கியபின் நத்தை கடைசி வரிசைவரை வந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். அவர் சோம்பல் முறித்து, பெரிய கொட்டாவி ஒன்று விட்டார்.

"என்னப்பா, அதுக்குள்ள மலை இறங்கிட்டியா? நல்ல தூக்கம்."

நத்தை சிரித்தான். அவனுக்குப் பல்வரிசை இருப்பதே அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. அவன் இறங்கிப் போனபின் அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"நீங்க தூங்கவே இல்ல. குறட்டை வரலையே."

அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மொத நாள் நீ மட்டும் தூங்கினியாக்கும்?"

இத்தனை வருஷமாக அது தனக்கு மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தாள். கண்ணில் நீர் முட்டியது, அதை மறைக்கவும் இல்லை. அவர் எழுந்திருக்கப் போனவர், குனிந்து சீட்டுக்கடியில் வலது காலால் துழாவிக்கொண்டிருந்தார். அவள் தன் காலால் அந்தச் செருப்பை நகர்த்தி அவர் பாதத்துக்குக் கீழே வைத்தாள்.

"பாத்துப் போட்டுக்கோங்க. டீ ஆறிடும்" என்றாள்.