ஆஞ்சலா மிஸ்ஸின் டச்சப்

ஆஞ்சலாவின் முழங்கால் வலி அவளோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்துப் பல வருஷமாகிறது. காலையில் அவள் ஜோகுபாளையத்து வீட்டுப் படி இறங்கினால் அதுவும் கூடவே இறங்கும். அல்சூரில் மெட்ரோ ஏறும், மெஜஸ்டிக்கில் மாறும், பீன்யாவில் இறங்கும். தோளில் வேறு ஒரு பை. மோட்டார், பேட்டரி, ஒயர், அட்டை, பசை என்று ஒரு காயலான் கடையே அதற்குள் இருக்கும். இத்தனைக்கும் மேலே ஆரஞ்சுக் கலர் டி-ஷர்ட். ஐம்பதைத் தொடப்போகிற பொம்பளைக்கு ஆரஞ்சு டி-ஷர்ட் மாட்டி அனுப்புகிற கம்பெனியை என்னவென்று சொல்ல?

முன்னே அவள் ஒழுங்காகச் சேலை கட்டிக்கொண்டு போன சயின்ஸ் டீச்சர்தான். கொரோனாவில் அவள் வேலை பார்த்த சின்னப் பள்ளிக்கூடத்தை மூடினார்கள். மூடினது மூடினதுதான். அப்புறம் கிடைத்தது இந்த வேலை. பள்ளிக்கூடங்களுக்குள் போய் லேப் நடத்துகிற கம்பெனி. பிள்ளைகள் தங்கள் கையாலேயே கார், விளக்கு, பம்பு என்று எதையாவது செய்யணும், அது ஓடாமல் போகணும், ஏன் ஓடவில்லை என்று அவர்களே மண்டையை உடைத்துக்கொண்டு சரி பண்ணணும். நல்ல யோசனைதான், யார் இல்லையென்றது? வீட்டில் புருஷன் ஆம்ப்ரோஸ் மட்டும் கிண்டல் பண்ணுவான். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பொறுமை சொல்லித் தருகிறவளுக்குத் கட்டின புருஷனுக்கு ஒரு காபி போட்டுத் தரப் பொறுமை இல்லையாம்.

ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் பெற்றோரைக் கூட்டி ஷோ வைப்பார்களே, அங்கேதான் வம்பு. மேடையில் எல்லாம் சுற்றணும், எரியணும், ஓடணும். ஓடவில்லையென்றால் அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் வேறு கம்பெனியைக் கூப்பிட்டுவிடும். அதனால் ஷோவுக்கு முந்தின நாள், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, சொல்லித் தருகிறவர்களே உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபண்ணி வைத்துவிடுவார்கள். கல்யாணப் பொண்ணுக்கு முகத்தில் பண்ணுகிற மாதிரி அதற்கு டச்சப் என்று பேர். எல்லாரும் பண்ணுவதுதான், யாரும் அதைப் பெரிசாக எடுத்துக்கொண்டதில்லை. ஆஞ்சலாவும் எடுத்துக்கொண்டதில்லை, பீன்யா பள்ளிக்கூடத்தில் பிரபா ஆறாம் வகுப்புக்கு வரும்வரை.

பிரபா திருவண்ணாமலைப் பக்கத்துப் பிள்ளை. அப்பா கோவிந்தனுக்குப் பீன்யாவிலேயே ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. இந்த வருஷம் அவள் எடுத்தது அட்டையில் ஐந்து மாடிக் கட்டடம், அதற்கு ஒரு லிஃப்ட். மோட்டார் சுற்றினால் நூல் ஒரு ஸ்கெட்ச் பேனாத் துண்டில் சுருளும், லிஃப்ட் மேலே போகும். போகணும். மூன்றாவது மாடி வந்ததும் நூல் ஓரமாக வழுக்கி, மோட்டாரின் கம்பியில் சிக்கி நின்றுவிடும். வாரா வாரம் அதே கதை. மற்ற பிள்ளைகள் என்றால் ஓரம்கட்டிவிட்டு வேறு எதையாவது எடுத்திருக்கும். இவள் அவிழ்த்துக் கட்டுவாள், மறுபடி அவிழ்ப்பாள். ஒவ்வொரு முடிச்சுக்கும் நிமிர்ந்து, "சரியா மிஸ்?" என்று கேட்பாள். ஆஞ்சலாவுக்குக் கை துறுதுறுக்கும். பதில் சொல்லாமல் சிரித்துவைப்பாள்.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல், வேண்டாமென்றால் விளக்கு செய்யலாமே என்று சொல்லிப் பார்த்தாள். பிரபா ஒத்துக்கொள்ளவில்லை. போன வருஷம் அவள் செய்த கார் ஒரு மாசமாக முரண்டு பிடித்துவிட்டு, ஷோ அன்றைக்கு மட்டும் ஜம்மென்று ஓடியதாம். வீட்டில் அதை டிவி மேலே வைத்திருக்கிறாளாம். விடாமல் பண்ணினால் கடைசியில் வந்துவிடும் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரிந்துவிட்டதாம்.

அந்தக் காரின் அச்சை மாற்றியது ஆஞ்சலாதான். சக்கரத்தை மாற்றியதும் அவள்தான்.

ஷோவுக்கு முந்தின நாள் சாயங்காலம் லேபில் தனியாக உட்கார்ந்தாள். அன்றைக்குப் பார்த்து வலி உயிரை எடுத்தது. பிரபாவின் லிஃப்டைத் தொடக்கூடாது என்றுதான் நினைத்தாள். மேடையில் அத்தனை பேருக்கு முன்னால் அது மூன்றாவது மாடியில் நின்றால் பிள்ளை மனசு விட்டுப்போகும், அப்புறம் லேப் பக்கமே வராது என்று உடனே தோன்றியது. மேனேஜர் ப்ரஹ்லாத் வேறு இரண்டு தடவை போன் பண்ணிவிட்டான். ரொம்ப மரியாதைக்காரப் பையன், எல்லாம் ரெடியா மேம் என்று மட்டும்தான் கேட்பான், ஆனால் அதிலேயே எல்லாம் இருக்கும். கை பழக்கத்தில் தானாகப் பைக்குள் போனது. இரண்டு பக்கமும் விளிம்பு வைத்த வெள்ளைப் பிளாஸ்டிக் உருளை ஒன்றை எடுத்து, ஸ்கெட்ச் பேனாத் துண்டு இருந்த இடத்தில் மாட்டினாள். லிஃப்ட் ஐந்தாவது மாடிக்கு வழுவழுவென்று போனது. அவளும் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் பிரபா எல்லாருக்கும் முன்னால் ஓடி வந்தாள். கையில் என்னவோ பொத்தி வைத்திருந்தாள். திறந்து காட்டினாள். இரண்டு சோடா பாட்டில் மூடி, நடுவில் ஒரு ஸ்கெட்ச் பேனாத் துண்டு. மூடிகளில் சுட்ட ஆணியால் ஓட்டை போட்டிருந்தது, விரலிலும் கொஞ்சம் சுட்டிருந்தது. அம்மாவின் தையல் மெஷினில் நூல்கட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தாளாம். அதற்கு இரண்டு பக்கமும் சுவர் இருக்கிறது, அதனால்தான் நூல் வழுக்குவதில்லை என்று பிடித்துவிட்டாள். ஆஞ்சலா இத்தனை மாசமாக வாயைக் கட்டிக்கொண்டு காத்திருந்தது இதற்குத்தான். ஒரே ஒரு ராத்திரி பொறுத்திருக்கலாம். பாவி, பொறுக்கவில்லை.

பிரபா லிஃப்டைப் பார்த்தாள். வெள்ளை உருளையைத் தொட்டுப் பார்த்தாள். சுவிட்சைப் போட்டாள். லிஃப்ட் மேலே போய் நின்றது.

"இதை நீங்க மாட்டினீங்களா மிஸ்?"

ஆஞ்சலா ஆமென்று தலையை ஆட்டினாள்.

பிரபா சுவிட்சை அணைத்தாள். அப்புறம், "போன வருஷம் காரும் நீங்கதானா?" என்று கேட்டாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பிள்ளைகளிடம் இப்படி எத்தனையோ சொல்லியாயிற்று. ஆனால் சுட்ட விரலோடு எதிரே நிற்கிற பிள்ளையிடம் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா கண்ணு. நான்தான்" என்றாள்.

பிரபா அழுதிருந்தால் தேவலாம். அழவில்லை. வெள்ளை உருளையைக் கழற்றி ஆஞ்சலாவின் கையில் கொடுத்தாள். "அப்ப இதுதான் நானே முதல்ல பண்றது" என்று சொல்லிவிட்டு, சோடா மூடியை எடுத்து மாட்ட உட்கார்ந்தாள்.

ஷோவில் கார்கள் ஓடின, விளக்குகள் எரிந்தன, பெற்றோர் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். பிரபாவின் லிஃப்ட் நான்காவது மாடி வரை போனது. ஆடிற்று, உதறிற்று, நின்றுவிட்டது. பிரின்சிபால் ஆஞ்சலாவைப் பார்த்தார், ப்ரஹ்லாத்தும் பார்த்தான். வெள்ளை உருளை அவள் பையில்தான் இருந்தது. ஆஞ்சலா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றாள். தொடாமல் நிற்பதற்கு இவ்வளவு பலம் வேண்டும் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. பிரபா மைக் பக்கமே போகாமல் லிஃப்டைத் தூக்கிக்கொண்டு ஓரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள்.

எல்லாம் முடிந்து ஜனங்கள் டீக்கும் சமோசாவுக்கும் எழுந்து போனார்கள். ப்ரஹ்லாத் பக்கத்தில் வந்து, மேம் ரொம்பக் களைப்பாகத் தெரிகிறீர்கள், அடுத்த வாரத்திலிருந்து பீன்யா வேண்டாம், ஆனேக்கல் பள்ளிக்கூடம் பார்த்துக்கொள்ளுங்கள் என்றான். களைப்புக்கு மருந்தாக ஊர்க் கோடிக்கு அனுப்புகிறான், கெட்டிக்காரன். மெட்ரோ கிடையாது, பஸ் மாறி பஸ். அவனிடம் சண்டை போடக்கூட அவளுக்குத் தெம்பில்லை. சரி என்றாள்.

ஹாலில் கோவிந்தன் மட்டும் இருந்தான். நைட் ஷிஃப்ட் முடித்து நேரே வந்தவன், நாற்காலியிலேயே தூங்கிப்போயிருந்தான். தரையில் பிரபா மூடியைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துச் சுற்றிப் பார்த்தாள். ஓட்டை நடுவில் இல்லை, அதனால்தான் ஆடியிருக்கிறது. ஒரு தீக்குச்சியை உடைத்து ஓட்டையின் ஒரு பக்கம் செருகினாள். நூலைச் சுற்றினாள், முடிச்சுப் போட்டாள். சுவிட்சைப் போட்டாள்.

லிஃப்ட் மெதுவாக ஏறியது. மூன்றாவது மாடி தாண்டியது. நான்காவதும் தாண்டியது. ஐந்தாவது மாடியில் போய் டக்கென்று நின்றது.

ஆஞ்சலா சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு, வழக்கமான அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தாள். பிரபா நிமிரவில்லை. லிஃப்டைக் கீழே இறக்கினாள், தானே ஒரு தடவை தலையை ஆட்டிக்கொண்டாள், அப்பாவை எழுப்பப் போய்விட்டாள்.