மீசைக்கு ஒரு சம்பளம், பாஸ்போர்ட்டுக்கு ஒரு சம்பளம்

இங்கே ஷார்ஜாவில் தினமும் காலையில் எனக்கு டாக்டர் பட்டம் கொடுக்கிறார்கள். பிசியோதெரபி மையத்தின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளித் திறந்து, சக்கர நாற்காலியை உருட்டிக்கொண்டு நான் உள்ளே போவேன். கூடவே ஷைனி வருவாள். அவள்தான் பிசியோதெரபிஸ்ட், மேல்படிப்பு முடித்தவள். நான் பத்தாவது படித்த ஹெல்ப்பர். நோயாளியைத் தூக்குவது, பிடித்துக்கொள்வது, வியர்வை துடைப்பது, விரிப்பு மாற்றுவது, இதுதான் என் வேலை. ஆனால் வரவேற்பறையில் உட்கார்ந்திருக்கும் அரபுப் பெரியவர்கள் என்னைக் கண்டதும் நெஞ்சில் கை வைத்து, "சபாஹ் அல் கைர், தக்தூர்" என்று வணக்கம் சொல்வார்கள். ஷைனியைப் பார்த்தால், "சிஸ்டர், தண்ணீர்" என்பார்கள். என் முகத்தில் நரைத்த மீசை இருக்கிறது, அவள் முகத்தில் இல்லை. வேறு காரணம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. ஷைனி அவளுடைய மலையாளத்தில் என் காதோரம், "டாக்டரே, சிஸ்டர் வெள்ளம் கொண்டுவரட்டே?" என்று கேட்டுச் சிரித்துக்கொண்டே போவாள். எனக்குத்தான் சிரிப்பு வராது.

பிள்ளைகளே, உங்கள் பள்ளிக்கூட ஆண்டு மலருக்கு வெளிநாட்டு வேலையைப் பற்றி ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டார்கள். எனக்கு எழுதிப் பழக்கமில்லை, திட்டித்தான் பழக்கம். அதனால் இது அப்படித்தான் இருக்கும். என் மகள் ரெஜினா உங்கள் பள்ளியில் படித்தவள்தான். இப்போது அவளும் பிசியோதெரபிஸ்ட். அவள் தேனியிலேயே இருப்பதா, என்னோடு இங்கே வருவதா என்று போன வருடம் வீட்டில் ஒரே போராட்டம். உங்களில் பலர், முக்கியமாகப் பெண்பிள்ளைகள், பிளஸ் டூ முடித்துவிட்டு இந்தப் படிப்புகளுக்குத்தான் போகப்போகிறீர்கள். உங்களுக்கும் நாளைக்கு அதே போராட்டம் வரும். அதனால் சொல்கிறேன்.

எங்கள் ஹாலில் வேலை பார்ப்பவர்களைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தாலே எல்லாம் விளங்கிவிடும். குனிந்து நோயாளியின் காலைப் பிடித்திருப்பவர்கள் எல்லாம் இளம்பெண்கள். கேரளா, பிலிப்பைன்ஸ், நம் தமிழ்நாடு. நிமிர்ந்து நின்று அவர்களுக்கு யோசனை சொல்பவர்கள் எகிப்து, ஜோர்டான் ஆண்கள். உட்கார்ந்திருப்பவர் ஒருவர்தான், இங்கிலாந்துக்காரர், ஹெட். புது நோயாளி வந்தால் பத்து நிமிடம் பார்ப்பார், கையெழுத்துப் போடுவார், காபி குடிக்கப் போய்விடுவார். நல்ல மனிதர்தான். அவர் அங்கே பிறந்ததற்கு அவரைக் குற்றம் சொல்ல முடியாது, பாராட்டவும் முடியாது. ஆனால் சம்பளம் மட்டும் மாதாமாதம் பாராட்டிக்கொண்டே இருக்கிறது. ஒரே படிப்பு, ஒரே பரீட்சை, ஒரே நோயாளி. ஆனாலும் வேலை பார்க்கிற கையைப் பார்த்து இங்கே சம்பளம் போடுவதில்லை, பாஸ்போர்ட்டின் அட்டையைப் பார்த்துப் போடுகிறார்கள். இதை யாரும் ஒளித்துச் செய்வதுகூட இல்லை. வெயில் அடிக்கிறது என்பதைப்போல சாதாரணமாகச் சொல்கிறார்கள்.

இதைப் பார்த்து வந்த புதிதில் எனக்குக் கோபம் வந்தது. அப்புறம்தான் நம் ஊர் நினைவுக்கு வந்தது. கே.கே.பட்டித் திராட்சைத் தோட்டத்தில் என்ன நடக்கிறது? பந்தலுக்குக் கீழே நாள் முழுக்க அண்ணாந்து நின்று, வேண்டாத தளிரைக் கிள்ளி, பிஞ்சைப் பார்த்துப் பார்த்துக் கழிக்கிற பெண்களுக்கு ஒரு கூலி. ஆண்களுக்கு அதைவிடக் கூடுதலாக ஒரு கூலி. ஏன் என்று கேட்டால், "அவுக மருந்தடிக்கிறாக" என்பார்கள். சரி, மருந்தடிக்காத நாளில் ஏன் அதே கூலி என்று கேட்டால், கேட்டவளை வாயாடி என்பார்கள். என் மனைவி அந்தப் பந்தலுக்குக் கீழே நின்றே கழுத்து வலி வாங்கினவள். அந்தத் தோட்டத்துக் கணக்கையே வெள்ளைக் கோட்டு மாட்டி ஆஸ்பத்திரிக்குள் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பது ரெஜினா வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது.

தேனியில் ஒரு தனியார் எலும்பு ஆஸ்பத்திரி. கம்பத்துக்குப் போய் பஸ் மாறி, நின்றுகொண்டே தேனிக்குப் போவாள். அவள் வகுப்பில் படித்தவர்கள் முக்கால்வாசி பெண்கள்தான். கூடப் படித்த பையன்களில் சிலர் சொந்தமாக கிளினிக் போட்டார்கள், சிலர் ஜிம் வைத்தார்கள், ஒருவன் அப்பாவின் நிலத்தை விற்று வெளிநாட்டுக்குப் போனான். ஆஸ்பத்திரிகளில் மிஞ்சினவர்கள் பெண்கள். பெண்கள் மிஞ்சின இடத்தில் சம்பளம் உயராது, பார்த்துக்கொள்ளுங்கள். அந்த ஆஸ்பத்திரியில் லிஃப்டில் பட்டன் அமுக்குகிறவர் வாங்குவதைவிடக் குறைவாக அவள் வாங்கினாள். லிஃப்டுக்காரரைக் குறை சொல்லவில்லை, அவரும் பிழைக்க வேண்டும். ஆனால் அவர் பெயரையாவது சொல்லிக் கூப்பிட்டார்கள். இவளுக்குப் பெயரே கிடையாது. பெரிய டாக்டர் முதல் கேன்டீன்காரர் வரை, "பிசியோ பாப்பா".

விடுப்பில் ஊருக்குப் போயிருந்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாரம் ஊரில் ஒரு நோயாளியை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டும் என்றாள். ஏலக்காய் வியாபாரி, பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. துணைக்கு நானும் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் அந்த வீட்டம்மா உள்ளே திரும்பி, "ஏங்க, டாக்டர் வந்துட்டாக" என்று குரல் கொடுத்தார். எனக்கு மின்விசிறிக்குக் கீழே நாற்காலி போட்டார்கள். டீ வந்தது, முறுக்கு வந்தது. ரெஜினா பையைத் தோளில் மாட்டியபடி நின்றுகொண்டிருந்தாள்.

"அம்மா, டாக்டர் அந்தப் பிள்ளைதேன். நான் அவளப் பெத்தவன்" என்றேன்.

அந்தம்மா என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். என் தன்னடக்கத்தை மெச்சிக்கொண்டது போலத் தெரிந்தது. பிறகு ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து ரெஜினாவின் கையில் கொடுத்தார். "பாப்பா, எண்ணெ காய்ச்சி வச்சிருக்கேன். டாக்டர் சொல்லச் சொல்ல அய்யாவுக்கு நல்லா அமுத்தி உருவி விடு."

ரெஜினா கிண்ணத்தை வாங்கி ஜன்னலில் வைத்தாள். "ஆத்தா, உருவி விடுறதுக்கு நான் வரல. அய்யாவ எந்திரிச்சு நிக்க வைக்க வந்திருக்கேன்."

"நிக்கிறதா? அவரு ஒண்ணுக்குப் போகவே ரெண்டு பேரு தூக்குறோம்!"

"தூக்கித் தூக்கித்தேன் அவருக்கு நிக்கிறது மறந்து போச்சு" என்றாள். அன்றைக்கு அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முழங்கால் நடுங்கியது, வாய் கோணிக்கொண்டு அழுகை வந்தது, ஆனால் நின்றார். கிளம்பும்போது அந்தம்மா கண்ணைத் துடைத்தபடி பீஸ் கவரை என்னிடம் நீட்டினார். ரெஜினாவுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம். பஸ்ஸில் நான் பொருமிக்கொண்டே வந்தேன். அவள் ஒரு பழத்தை உரித்து என் கையில் கொடுத்து, "சாப்பிடுங்க டாக்டரு. ஒங்க கம்பவுண்டருக்குக் கெடச்ச கூலி" என்றாள்.

அந்தக் கோபத்தோடுதான் நான் ஷார்ஜாவுக்குத் திரும்பினேன். கொஞ்ச நாளில் எங்கள் மையத்தில் ஒரு பிசியோதெரபிஸ்ட் இடம் காலியானது. இந்த நாட்டில் வேலை செய்வதற்கான லைசென்ஸ் பரீட்சையை அவள் ஏற்கெனவே எழுதித் தேறியிருந்தாள். நான் மேனேஜரிடம் சொன்னேன். மேனேஜர் கோட்டயத்துக்காரர், நம் தமிழும் பேசுவார். ஹெட் வீடியோவில் அவளிடம் கேள்விகள் கேட்டார், திருப்தி என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். மகள் கூடவே இருப்பாள், சாயங்காலம் ஒன்றாகச் சாப்பிடலாம் என்றெல்லாம் மனது ஓட ஆரம்பித்துவிட்டது. அப்போது மேனேஜர் பிரியமாகக் கேட்டார்: "மோளே, தேனியில் இப்போ எவ்வளவு கிட்டுது?"

ஊர்ப்பக்கத்து ஆள், அக்கறையில் விசாரிக்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். ரெஜினா அப்படி நினைக்கவில்லை.

"சார், வேலைய நான் தேனியிலயா பாக்கப் போறேன்? அங்கன வந்துதான பாக்கப் போறேன். அங்கன இந்த வேலைக்கு என்ன சம்பளம்னு சொல்லுங்க."

"அது ஆளைப் பொறுத்து."

"ஆளுன்னா? படிப்பா, அனுபவமா?"

"பாஸ்போர்ட்." ரத்த வகையைச் சொல்வதுபோலச் சொன்னார். பிறகு ஒரு தொகையைச் சொன்னார். அதற்கு முந்தின மாதம் அந்த இடத்தைக் காலி செய்துவிட்டுப் போன ஐரோப்பாக்காரப் பெண்ணுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று எனக்குத் தெரியும். அதன் பக்கத்தில் இதை வைக்கவே முடியாது. என் முகம் மாறியதைப் பார்த்து அவர், "சேட்டா, நாட்டில் கிட்டுறதைவிட இது எத்தனையோ கூடுதல் அல்லே? அங்கே என்ன கொடுக்கிறாங்கன்னு எங்களுக்குத் தெரியாதா?" என்றார்.

பிள்ளைகளே, அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தேனி ஆஸ்பத்திரிக்காரர் போட்ட விலைச்சீட்டு பிள்ளையின் சட்டையிலேயே ஒட்டிக்கொண்டு கடலைத் தாண்டி வந்துவிட்டது. அவர், பெண்பிள்ளைதானே, கல்யாணம் ஆனால் போய்விடும் என்று ஒரு விலை போடுகிறார். இவர், அந்த விலைக்கே இருந்தவள்தானே என்று இன்னொரு விலை போடுகிறார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்ததுகூடக் கிடையாது. ஆனால் என்ன ஒற்றுமை பாருங்கள்! அண்ணன் தம்பிகள்கூட இப்படி இருக்க மாட்டார்கள்.

அன்றைக்குச் சாயங்காலம் போனில் அவளிடம் கேட்டேன். "இருந்தாலும் வந்துரு தாயி. அங்கனயவிடக் கூடுதல்தான? நானும் இருக்கேன்ல?"

"நீங்க சொன்னா வாறேன்ப்பா" என்றாள். பிறகு, "ஆனா, இந்தப் பிள்ளையே இதுக்குச் சரின்னு வந்துருச்சேன்னு, என்னக் காட்டித்தேன் அடுத்தவளுக்கு வெல பேசுவாக. அதுக்கு நம்ம குடும்பத்துல ரெண்டு பேரு போகணுமா? நீங்க ஒரு ஆளு போதாதா?" என்றாள்.

எனக்குச் சுருக்கென்றது. வா என்று அதற்குமேல் நான் சொல்லவில்லை.

இங்கே வேண்டாம் என்றவள் தேனியிலும் சும்மா இருக்கவில்லை. அவளுக்குப் பிறகு சேர்ந்த ஒரு பையனுக்கு அவளே வேலை பழக்கியிருந்தாள். அவனுக்கு அவளைவிடக் கூடுதல் சம்பளம். நேரே பெரிய டாக்டரிடம் போய்க் கேட்டாள். அவர் பொறுமையாக விளக்கினாராம்: "அவன் நாளைக்கு ஒரு குடும்பத்தக் காப்பாத்தணும்ல பாப்பா?"

"அப்ப அவரு காப்பாத்தப் போற குடும்பத்துக்கும் சேத்து நான் வேலை பாக்கணுமா சார்?" என்று இவள் கேட்டிருக்கிறாள். படித்த பெண்பிள்ளைக்கு இவ்வளவு வாய் ஆகாது என்றார்களாம். படிக்காத பெண் கேட்டால் வாயாடி, படித்த பெண் கேட்டால் திமிர். கேட்பதற்கு என்று நம் ஊரில் எந்தப் பெண்ணைத்தான் வைத்திருக்கிறார்களோ, எனக்குத் தெரியவில்லை.

வேலையை விட்டுவிட்டாள். கம்பத்தில் ஒரு அறை பிடித்து, இரண்டு கட்டில் போட்டு, சுவரில் பிடிமானக் கம்பி அடித்து, வெளியே அவள் பெயரோடு பலகை மாட்டினாள். முதலில் வந்தவர்கள் எல்லாம் உள்ளே எட்டிப் பார்த்து, "டாக்டர் எங்கம்மா?" என்றுதான் கேட்டார்களாம். "நாந்தேன்" என்று சொல்லிச் சொல்லி அவளுக்குத் தொண்டை வறண்டது. அவள் அம்மா இன்னமும் என்னோடு சண்டை போடுகிறாள். இங்கே வந்திருந்தால் கிடைத்திருக்கக்கூடியதில் பாதிகூட அங்கே அவளுக்கு வரவில்லை, அதுதான் உண்மை. அவள் செய்தது சரிதான் என்று காலையில் நினைக்கிறேன். சாயங்காலம் தனியாகச் சோறு பொங்கும்போது, வந்திருக்கலாமே என்று நினைக்கிறேன். எந்த வேலைக்காவது போங்கள் பிள்ளைகளே. ஆனால் விலை சொல்கிறவர் முகத்தைப் பார்த்து, எதை வைத்து இந்த விலை என்று ஒரு தடவையாவது கேளுங்கள். பதில் சொல்லும்போது அவர் தடுமாறுகிறாரா என்று பாருங்கள்.

எங்கள் மையத்தில் ஒரு அரபுப் பெரியவர் இப்போதுதான் நடக்கப் பழகுகிறார். ஷைனி அவருக்குப் பின்னால் இடுப்புப் பட்டையைப் பிடித்து வருவாள். நான் முன்னால் நின்று அவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொள்வேன். அவர் என்னைப் பார்த்து முன்னால் நடப்பார், நான் அவரைப் பார்த்தபடி பின்பக்கமாகவே நடப்பேன். போகிற இடம் எப்போதும் என் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். என் மகள் இங்கே வரப்போகிறாள் என்று முன்பு யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். நேற்று நடந்துகொண்டே கேட்டார், "பிந்தக் வேன்?" உன் மகள் எங்கே என்று. எனக்குத் தெரிந்த அரபியில் கம்பத்தையும் கே.கே.பட்டியையும் எப்படிச் சொல்வது? இரண்டு கையும் அவரிடம் இருந்தன. "ஹினாக்" என்றேன், அங்கே என்று. அவர் என் தோளுக்கு மேலே ஹாலின் கடைசிவரை பார்த்தார், தலையை ஆட்டினார், கொஞ்சம் எட்டி நடக்க ஆரம்பித்தார். நான் அவர் கையை விடாமல், பின்பக்கமாகவே போய்க்கொண்டிருந்தேன்.