கரைத் தொண்டை

நாங்கள் சல்லி என்ற மீனவ ஊரின் கரையில் பிறந்து வளர்ந்தவர்கள். கடற்காற்றையும் படகு இஞ்சினையும் தாண்டி ஒரு சொல் போய்ச் சேரவேண்டுமென்றால் அடிவயிற்றிலிருந்து கூப்பிடவேண்டும். எங்கள் வீட்டில் அன்பாகக் கதைத்தாலும் வெளியாட்களுக்குச் சண்டை மாதிரித்தான் கேட்கும். அந்தத் தொண்டையோடுதான் நான் கலியாணம் முடித்துப் பாலையூற்றுக்கு வந்தேன்.

வந்த கிழமையே மாமி, என் கணவரின் தாய், குசினி அடுப்படியில் வைத்துச் சிரித்துக்கொண்டே சொன்னார்: "மெல்லக் கதையுங்கோ பிள்ளை. ரோட்டால போறவைக்கும் கேக்குது."

அவர் கெட்டவர் அல்ல. அந்த வீடே அப்படி. உப்புக் கேட்பதென்றாலும் இரகசியம் போலத்தான் கேட்பார்கள். நானும் சத்தத்தைக் குறைத்தேன். சத்தத்தோடு சிரிப்பும் குறைந்தது. பிறகு சொல்ல நினைப்பதே குறைந்துவிட்டது. நல்ல மருமகள் என்று பெயர் கிடைத்தது. கூடவே தொண்டைக்குள் ஏதோ அடைத்ததுபோல ஒன்று வந்து குந்திக்கொண்டது. நித்திரை போனது. சும்மா இருக்கையிலும் கண் கலங்கியது.

டொக்டர் வெளிச்சம் அடித்துப் பார்த்தார். "தொண்டையில ஒண்டும் இல்லை. மனசில ஏதும் கவலை இருக்கோ?" என்று கேட்டார். இல்லை என்றேன், மெல்லமாக.

அம்மா வீட்டுக்குப் போய் அண்ணன்மாரோடு வாய்விட்டுக் கதைத்தால் அந்த அடைப்பு இருந்த இடம் தெரியாது. பாலையூற்றுக்குத் திரும்பி கேற்றைத் திறக்கும்போதே மறுபடி வந்துவிடும்.

இப்படியே சில வருசம் போனது. இதற்கிடையில் மாமி என்னோடு கதைப்பதையே விட்டுவிட்டார். எதைக் கேட்டாலும் ஒரு தலையாட்டல், ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். இன்னும் என்னத்தைத்தான் குறைக்கச் சொல்கிறார் என்று எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

போன மாதம் ஒருநாள் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். குசினி யன்னலால் பால் பொங்கி வருவது தெரிந்தது. மாமி அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். "மாமி, பால்" என்றேன். அசையவில்லை. திரும்பவும் சொன்னேன். பிறகு எனக்குப் பொறுமை போய்விட்டது.

"மாமீ! பால் பொங்குது!"

சல்லிக்கே கேட்டிருக்கும். மாமி துள்ளித் திரும்பி அடுப்பை நிற்பாட்டினார். வெளியே வந்தார். வாங்கிக் கட்டப்போகிறேன் என்று நினைத்தேன். அவருடைய கண்கள் நிறைந்திருந்தன.

"எவ்வளவு காலத்துக்குப் பிறகு ஒரு ஆளின்ர கதை எனக்கு முழுசாக் கேட்டது" என்றார். "நீங்கள் எல்லாரும் வாயைத்தான் அசைக்கிறியள். வரவரக் காது கேக்கேல்லை எண்டு சொல்ல வெக்கமா இருந்தது பிள்ளை. அதுதான் சும்மா தலையாட்டினனான்."

எனக்கு மனம் இளகிவிட்டது. ஒரே குசினிக்குள் நான் குரலை ஒளித்தேன், அவர் காதை ஒளித்தார். இரண்டு பேரும் தனித்தனியாக வாடியிருக்கிறோம்.

"எனக்கும் மெல்லக் கதைக்க ஏலாது மாமி. தொண்டை அடைக்குது" என்றேன், நல்ல சத்தமாகவே. அவர் என் ஈரக் கையைப் பிடித்துக்கொண்டார்.

பக்கத்து வீட்டு அக்கா பதறிப்போய் மதிலுக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன அங்க, சண்டையோ?" என்று கத்திக் கேட்டார்.

"இல்லை, கதைக்கிறம்!" என்றார் மாமி, என்னைவிடச் சத்தமாக.