அவிட்டத்துக்கு முந்தின நாள்

சொந்தக்காரர்கள் யாராவது வீட்டோடு இன்னொரு பகுதி கட்டி வாடகைக்கு விடப்போவதாகச் சொன்னால், நான் சில விஷயங்களைச் சொல்வேன். கரண்ட் மீட்டரைத் தனியாகப் போடுங்கள். கிணறு பொது என்றால் கயிறு யார் வாங்குவது என்பதை முதல் நாளே பேசிவிடுங்கள். கட்டியது நீங்களாகவே இருந்தாலும் வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டு உள்ளே போங்கள். கடைசியாக ஒன்று உண்டு. அதை நேரில் சொல்ல இதுவரை எனக்கு வாய் வரவில்லை.

எழுபதுகளின் கடைசியில், சிமென்ட் ஆலை வேலைக்கு வந்தவர்கள் அரியலூரில் வீடு தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். அப்பா எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் ஓர் அறையும் சமையல்கட்டும் ஓடு போட்டுக் கட்டினார். கூட்டுறவு சங்கத்தில் வாங்கிய கடன். வாடகையை நம்பித்தான் தவணை. முதலில் குடிவந்தவர் அரும்பாவூர்க்காரர், ஆலையில் ஃபிட்டர். அவரும் மனைவியும் மட்டும்தான். அவர்களால் எங்களுக்கு ஒரு தொந்தரவும் இருந்ததில்லை.

ஓர் ஐப்பசியில் அவர் தன் தகப்பனாரை அழைத்து வந்தார். திருச்சி ஆஸ்பத்திரியில் இனிச் செய்ய ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்களாம். அரும்பாவூர் வீட்டுக் கூரை மழைக்கு ஒழுகியது. இங்கே ஊசி போட டாக்டர் பக்கத்தில் இருந்தார். கடைசி நாட்களில் பெரியவர் நனையாமல், வலியில்லாமல், மகன் கண்முன்னால் இருக்க வேண்டும் என்பதுதான் ஃபிட்டருடைய ஆசை.

எங்கள் பக்கத்தில் அடைப்பு என்று ஒன்று பார்ப்பார்கள். அவிட்டம் முதல் ரேவதி வரை ஐந்து நட்சத்திரங்களில் யாராவது இறந்தால் அந்த வீட்டைச் சில மாதம் பூட்டிப்போட வேண்டும். அவிட்டம் என்றால் ஆறு மாதம். திறந்த பிறகும் அந்த வீட்டுக்கு ஆள் வருவது கஷ்டம்.

எங்கள் வீட்டில் நாள் பார்ப்பது நான்தான். யார் எப்போது கேட்டாலும் திதி, நட்சத்திரம் சொல்வேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அது ஒரு வியாழக்கிழமை. விடிந்ததிலிருந்து மழை. அப்பா என்ன நட்சத்திரம் என்று கேட்டார். நான் பஞ்சாங்கத்தை எடுத்துவந்து, திருவோணம், பொழுது சாய்ந்ததும் அவிட்டம் பிறக்கிறது என்றேன். அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பின்பக்கம் போனார். நான் பஞ்சாங்கத்தோடு பின்னால் போனேன். கீழே வைத்துவிட்டுப் போகத் தோன்றவில்லை.

கட்டிலில் பெரியவர் கண்மூடிக் கிடந்தார். அப்பா வாசலிலேயே நின்று, தவணையைப் பற்றி, ஊர்ப் பேச்சைப் பற்றி, சுற்றிச் சுற்றிச் சொன்னார். கடைசியில், "நான் தப்பா சொல்லல தம்பி. சொந்த ஊருன்னா அவருக்கும் நிம்மதிதானே" என்றார்.

ஃபிட்டர் என் கையைப் பார்த்தார். "புரியுதுங்க ஐயா" என்றார்.

அவர் மனைவிதான் அடுப்படியிலிருந்து பேசினார். "இந்த வூட்டுல சாவக்கூடாதுன்னு அட்வான்ஸ் வாங்குறப்பவே சொல்லியிருந்தா, நாங்க வேற வூடு பாத்திருப்பமுல்லங்க."

 

மத்தியானம் வேன் வந்தது. ஆலையிலிருந்து வந்த நாலு பேர் கட்டிலோடு தூக்கினார்கள். பெரியவர் முகத்தில் மழை விழாமல் நான் குடை பிடித்துக்கொண்டு நடந்தேன். அப்பா பேசியபோது அவர் தூங்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, மழை எப்ப விடும்னு அந்தப் பஞ்சாங்கத்துல போட்டிருக்கா?" என்று கேட்டார். தூக்கிக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். குடை பெரியவருக்கு மேல்தான் இருந்தது என்றாலும், பெரம்பலூர் தாண்டி அரும்பாவூர் போய்ச் சேர்வதற்குள் அவர் எவ்வளவு நனைந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் முகமில்லை.

கார்த்திகை பிறந்து, காரியமெல்லாம் முடித்துவிட்டு ஃபிட்டர் காலி செய்ய வந்தார். ஆலைக்குப் பக்கத்தில் வேறு இடம் கிடைத்திருந்தது. தகப்பனார் இறந்த தேதியை அவர் சொன்னதும் நான் கேட்காமலே என் மனசு கணக்குப் போட்டது. ஐந்து நட்சத்திரமும் கழிந்து, அசுவினியில் போயிருக்கிறார். அப்பாவிடம் சொன்னேன். "அப்ப இங்கேயே இருந்திருக்கலாம்" என்றார் அப்பா. அந்தப் பேச்சு ஃபிட்டர் காதில் விழுந்ததா என்று இருவரும் திரும்பிப் பார்த்தோம்.

வீடு விடப்போகிறவர்களுக்கு நான் சொல்ல நினைக்கும் கடைசி விஷயம் இதுதான். ஒரு குடும்பத்தைக் குடிவைத்தால் அங்கே பிள்ளை பிறக்கும், காய்ச்சல் வரும், சாவும் வரும். அதற்கு மனம் ஒப்பாதவர்கள் அந்தப் பணத்தில் நிலம் வாங்கிப் போடலாம்.

சாமான்களை ஏற்றிய பிறகும் ஃபிட்டர் வெகுநேரம் உள்ளேயே இருந்தார். போய்ப் பார்த்தேன். தகப்பனார் படுத்திருந்த அறைக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். அப்பாவும் வந்து எட்டிப் பார்த்தார்.

"இதெல்லாம் எதுக்கு தம்பி? இங்க ஒண்ணும் நடக்கலையே."

"இங்க யாரு நோயோட கிடந்தாங்கன்னு அடுத்து வர்றவங்க கேப்பாங்கல்லங்க ஐயா" என்றார் அவர், மட்டையை வாளியில் தோய்த்துக்கொண்டே.